முகத்துவாரக்காரி கட்டிய வினைச்சொல் வீடுகள்

வெள்ளவத்தையில் என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் இன்றைக்குத் தாங்களே பேரப்பிள்ளை கண்டவர்கள். வழியில் என்னைக் கண்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்லுவார்கள். "டீச்சர், நீங்கள் சொல்லித் தந்த வீடுகள் இன்னும் மறக்கேல்லை." ஒருத்தி மீன்கடை வாசலில் நின்று, கையில் பாரை மீனோடு, "ஸிங், ஸாங், ஸங்" என்று பாடியே காட்டினாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றக்கூட மனமில்லாமல் கதிரையில் குந்திவிட்டேன்.

அந்த வீடுகளை நான் கட்டவில்லை. களவெடுத்தேன். எடுத்ததோடு விட்டேனா என்றால் அதுவுமில்லை, கட்டியவளின் படிப்பையும் கெடுத்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இத்தனை வயதுவரை சொல்லாமல் வைத்திருந்ததே போதும்.

அப்போது நாங்கள் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தோம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், இரண்டாம் உலக யுத்தம் வர இன்னும் பல வருஷம் கிடந்தது. ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சுங்கத்தில் கிளாக்கராக இருந்தார். அவருக்கு உலகத்தில் இரண்டு பெருமை. ஒன்று, தன் கையெழுத்து. மற்றது, தன் மகள் கன்னியாஸ்திரிகளின் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிப்பது. காலையில் வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு போவேன். பள்ளிக்கூட வாசலில் லேஞ்சியால் துடைத்துவிட்டு உள்ளே போய் முழங்காலில் நின்று செபம் சொல்லுவேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. கூச்சம் வரவேண்டிய இடத்தில் வராத பிறவி நான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாசல் கதவு தாண்டினால் ஆங்கிலம் தவிர வேறு பாஷை வாயில் வரக்கூடாது. தமிழோ சிங்களமோ வாயில் வந்தால் கழுத்தில் கட்டை விழும். கட்டை என்றால் ஒரு சாண் நீளமுள்ள மரத்துண்டுதான். ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருக்கும். அது விழுந்தவள் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, தமிழ் பேசும் இன்னொருத்தியைப் பிடித்து அவள் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். பிடிப்பதற்காக அவள் மட்டும் தமிழில் பேச்சுக் கொடுக்கலாம். அதற்கு அனுமதி உண்டு. கடைசி மணி அடிக்கும்போது கட்டை யாரிடம் இருக்கிறதோ அவள் பெயர் புத்தகத்தில் பதியப்படும். இதைக் கண்டுபிடித்தவன் பொல்லாத மூளைக்காரன். எங்களை உளவு பார்க்க ஒரு ஆசிரியை தேவைப்படவில்லை. ஒருத்தியை ஒருத்தி நாங்களே பார்த்துக்கொண்டோம்.

பெயர் பதியப்பட்டால் எங்களைப் போல் சம்பளம் கட்டிப் படிப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. வீட்டுக்கு ஒரு கடிதம் போகும், ஒரு கிழமை கடைசி வாங்குப் பலகையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலவசமாகப் படிப்பவளுக்கு அப்படியில்லை. ஒரு தவணையில் மூன்று தரம் பெயர் விழுந்தால் இடம் போய்விடும். வகுப்புக்கு ஒரே ஒரு இலவச இடம். அதைக் கொடுப்பதும் எடுப்பதும் தலைமைக் கன்னியாஸ்திரியின் கை. அவரை நாங்கள் மதர் என்போம்.

எங்கள் வகுப்பில் அந்த இடம் நகரத்தின் வட கரையிலுள்ள முகத்துவாரத்திலிருந்து வந்த ஒருத்திக்குக் கிடைத்திருந்தது. அவளுடைய தகப்பன் துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமப்பவர். வகுப்பில் எல்லோரும் அவளை முகத்துவாரக்காரி என்றுதான் சொல்லுவார்கள், நானும்தான். மெலிந்தவள், நல்ல கறுப்பு, நெற்றியில் எப்போதும் எண்ணெய் மினுங்கும். தலைக்குள் என்ன இருந்ததென்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பொறாமை வரும்.

அந்த வருஷம் ஆங்கில இலக்கணத்தில் எங்களை வாட்டியது வினைச்சொல். இறந்தகாலத்தில் ஒழுங்காக 'எட்' என்று வால் முளைக்காமல் நடுவில் சத்தம் மாறும் சொற்கள் இருக்கின்றனவே, அவை. புத்தகத்தில் அகரவரிசைப்படி நாலு பக்கம். எங்கள் மிஸ் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணி, நல்ல மனுஷி. ஆனால் அவருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான்: மனப்பாடம் பண்ணு. நாங்களும் மழைக்காலத் தவளைகள் மாதிரிக் கத்தினோம். காலையில் பாடமானது மத்தியானம் சோற்றோடு போய்விடும்.

முகத்துவாரக்காரி மட்டும் கத்தவில்லை. இடைவேளையில் படிக்கட்டுக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைக்கிற இருட்டு மூலையில், புத்தக ஓரத்தில் பென்சிலால் என்னவோ கீறிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன வீடுகள், கூரையோடு.

"என்னடி இது?" என்று கேட்டேன். அந்த மூலையில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் தமிழ்தான்.

"இதுங்க எல்லாம் சொந்தக்காரங்க," என்றாள். "புத்தகத்தில எழுத்து வரிசையில நிக்க வச்சிருக்கிறாங்க, அதான் ஒனக்கு மொகம் தெரியல்ல. வீட்டுக்கு அனுப்பிப் பாரு."

அவள் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழல்ல. அம்மா கேட்டால் மூக்கைச் சுளிப்பார்.

முதல் வீட்டில் ஸிங், ரிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின். இவர்கள் எல்லோருக்கும் ஒரே நடை. "வாயைப் பாரு," என்று என் தாடையைப் பிடித்தாள். "ஸிங் எண்டா சத்தம் பல்லுக்கிட்ட நிக்குது. ஸாங் எண்டா வாய் தெறக்குது. ஸங் எண்டா உள்ளுக்குப் போகுது. இண்டைக்குச் செய்றது பல்லில, நேத்துச் செஞ்சது நடுவில, செஞ்சு முடிஞ்சது தொண்டையில." சொல்லிப் பார்த்தேன். அட, உண்மைதான்! ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க். நாக்கு தானாகவே பின்னால் போனது.

நடுவில் வரும் அந்தச் சத்தம் எனக்குச் சரியாக வரவில்லை. தமிழில் அதற்கு எழுத்தில்லை. மிஸ் எத்தனை தரம் திருத்தியும் என் வாயில் அது 'ஆ'வாகவோ 'ஏ'யாகவோ கோணிக்கொண்டு நிற்கும். அவள் சிரித்தாள். "கடை முதலாளி 'போதும்' எண்டு சிங்களத்தில எப்பிடிச் சொல்லுவார்? அந்த மொதல் சத்தம்தான் இது." அத்திக்கும் எத்திக்கும் நடுவில் நிற்கும் அந்தச் சொல்லைச் சொல்லியும் காட்டினாள். சிங்களத்தில் அந்தச் சத்தத்துக்குத் தனி எழுத்தே இருக்கிறதாம். முகத்துவாரத்தில் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் சிங்களம். அவளுக்கு அது பால்குடி காலத்துச் சத்தம். ஐயா எங்களைச் சிங்களக் கடைக்கு அனுப்பவே மாட்டார். அன்றைக்குத்தான் என் வாயில் ஸாங் ஒழுங்காக வந்தது.

இரண்டாம் வீடு, நீட்டுச் சத்தம் குறுகிற வீடு. கீப், கெப்ட். ஸ்லீப், ஸ்லெப்ட். வீப், வெப்ட். "இது ஏனடி சுருங்குது?" என்று கேட்டேன். "நம்மடதும் சுருங்குது தானே," என்றாள். "காண், கண்டேன். வா, வந்தேன். வே, வெந்திச்சி. நேத்துக்குப் போகக்க நாமளும் வாயச் சுருக்கத்தான் செய்றம்." நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து வந்தேன் கண்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான், அது ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை.

மூன்றாம் வீட்டில் ப்ளோ, ப்ளூ, ப்ளோன் என்று வெளியே போய்விட்டுத் திரும்பி வருபவர்கள். நாலாம் வீட்டில் ட்ரைவ், ட்ரோவ், ட்ரிவன் என்று மூன்று அறைக்குள்ளும் புகுந்து வருபவர்கள். ஐந்தாவது ஒரு பெரிய வீடு. திங்க், பை, கேச், டீச் என்று முகம் ஒட்டாத ஆட்கள் எங்கெங்கோ இருந்து வந்து, தோட், போட், கோட், டோட் என்று ஒரே கூரைக்குள் போய் ஒதுங்குவார்கள்.

"ப்ரிங் மொத வீட்டில இல்லையா?" என்றேன் நான், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

"அவ ஸிங் வீட்டுப் பொண்ணு மாதிரித்தான் மொகம். ஆனா கல்யாணம் கட்டி இங்க வந்திட்டா. ப்ரோட். இப்பிடிப் போனவளுகள மட்டும் தனியா ஞாபகம் வச்சாப் போதும்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யார் யாருக்கு என்ன முறை, யார் எந்த வீட்டில் சம்பந்தம் செய்தது என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதுவே ஆங்கிலத்துக்கும் உதவுமென்று யார் கண்டது! ஒரு கிழமைக்குள் நாலு பக்கமும் எனக்குக் கரைந்துபோனது.

கேட்க வந்தவள் நான் மட்டுமல்ல. இன்னும் இரண்டு மூன்று பேர் போனார்கள். எல்லோருக்கும் அவள் தமிழில்தான் சொன்னாள். வேறெப்படிச் சொல்லுவாள்? காண், கண்டேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அதனால் அந்தத் தவணையில் இரண்டு தரம் அவள் கழுத்தில் கட்டை விழுந்து, இரண்டு தரமும் பெயர் பதிந்தாயிற்று. இன்னும் ஒன்று விழுந்தால் படிப்பு முடிந்தது. இது எனக்குத் தெரியும். வகுப்பு முழுக்கத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு இடமேயில்லை.

இன்ஸ்பெக்டர் வரவிருந்ததற்கு முதல் நாள். வருஷத்தில் ஒரு தரம் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து ஒவ்வொரு வகுப்பையும் வாய்மொழியாகச் சோதிப்பார். கேள்வியெல்லாம் முன் வாங்குக்குத்தான். முன் வாங்கில் என்னை வைப்பதாக மிஸ் சொல்லியிருந்தார். ஐயாவிடமும் நான் சொல்லிவிட்டேன். அவர் சுங்கக் கந்தோர் முழுக்கப் பறையடித்துவிட்டார்.

அன்று காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கல்லில் கால் பெருவிரல் அடிபட்டு, "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். ஆங்கிலத்தில் கத்துவதற்கு எவளுக்கு வரும்? பின்னால் நின்ற ஒருத்தி ஓடிவந்து கட்டையை மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனாள்.

அதற்குப்பிறகு பகல் முழுக்க அலைந்தேன். எல்லோரும் உஷார். இன்ஸ்பெக்டர் வரும் நேரம் கடைசி வாங்கில் இருக்க யாருக்கு ஆசை? தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில், இல்லாவிட்டால் தலையாட்டல். மத்தியானம் தாண்டியது. கட்டை நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. கந்தோரில் ஐயா என்ன சொல்லித் திரிகிறார் என்பதை நினைத்து நினைத்து மறுபடி மறுபடி முற்றத்தைச் சுற்றினேன். கடைசி மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் முகத்துவாரக்காரி படிக்கட்டு மூலையில் தனியே இருப்பதைக் கண்டேன்.

போனேன். என் கால்தான் போனது, வேறு யாரும் தள்ளவில்லை.

"ட்ரைவ் வீடு எனக்கு இன்னும் விளங்கேல்லையடி," என்றேன். பொய். தண்ணீராகத் தெரியும்.

அவள் ஆங்கிலத்தில், "நாளைக்குச் சொல்கிறேன்," என்றாள்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறார். முன் வாங்கிலை இருந்து முழிச்சால் என்ரை மானம் போயிடும். உனக்கு என்ன, நீ கெட்டிக்காரி," என்றேன். குரலைக்கூட அழுவது போல வைத்துக்கொண்டேன். சீ!

அவள் என் முகத்தையும் கழுத்தையும் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, மெல்லிய குரலில், தமிழில் தொடங்கினாள். "இங்க பாரு. மொதல் அறை 'ஐ'. நடு அறை 'ஓ'. கடைசி அறை சின்ன 'இ'. ரைஸ், ரோஸ்..."

நான் கயிற்றைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. அழவுமில்லை. கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கயிறு வெளிய தெரிஞ்சிச்சி," என்றாள். "ஒங்கிட்டத்தான் இருக்கெண்டு தெரியும். எனக்குப் போடமாட்ட எண்டு நெனச்சன்."

மணி அடித்தது. நான் ஓடிப்போய் வரிசையில் நின்றேன். மிஸ் அவள் பெயரைப் பதியும்போது பேனா நின்று நின்று எழுதியது. அன்றைக்கு வீட்டில் அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தார். நான் வழக்கம் போலச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இறங்கியது.

மறுநாள் காலை மிஸ் எங்களிடம் ஒரு விஷயம் சொன்னார். அவர் மதரிடம் போய் மன்றாடியிருக்கிறார். மதர் கடைசியில் இவ்வளவுக்கு இறங்கி வந்தாராம்: இன்ஸ்பெக்டர் அந்தப் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் மூன்றாவது பதிவைக் கணக்கெடுக்கமாட்டேன். ஆனால் சட்டம் சட்டம்தான், அவள் கடைசி வாங்கில்தான் இருக்க வேண்டும். கடைசி வாங்கை எந்தத் துரை திரும்பிப் பார்த்தான்? மிஸ்ஸுக்கும் அது தெரியும். "உங்களில் யாருக்காவது அவளுக்கு உதவ வழி கிடைத்தால் உதவுங்கள்," என்று பொதுவாகச் சொன்னார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரை வந்தார். சிவந்த கழுத்து, வெள்ளைக் கோட்டு, அக்குளில் வியர்வை. கதவடியில் மதர் சாவிக்கொத்தோடு நின்றார். துரை புத்தகத்தைப் புரட்டி வினைச்சொற்களைக் கேட்கத் தொடங்கினார். முன் வாங்கில் மற்றவர்கள் திக்கித் திணறினார்கள். என் முறை வந்தது. கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று சொன்னேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் இல்லாத சொல்லொன்றைக் கேட்டார். "ஷ்ரிங்க்?"

அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதேயில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தாலே எந்த வீடு என்று தெரிந்தது. "ஷ்ராங்க், ஷ்ரங்க்."

அவர் புருவத்தை உயர்த்தினார். "இது உங்கள் புத்தகத்தில் இல்லையே. எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சொற்கள் எல்லாம் குடும்பங்கள், சேர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு. சத்தம் வாயின் முன்னாலிருந்து பின்னாலே நடக்கிறது, சேர். காண், கண்டேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அது தமிழ்.

துரைக்கு மெத்தச் சந்தோஷம். கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்துவிட்டார். "அருமை, அருமை. இதை உனக்கு யார் காட்டியது? உன் ஆசிரியையா?"

மிஸ் இல்லை என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு என்னையே பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எவ்வளவு தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால், கடைசியில், ஒரு வாங்கு தரையில் உரசும் சத்தம் கேட்டது. யாரோ எழும்பி நிற்கிறார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. நான் பெயரைச் சொல்லுவேன் என்று நம்பி, சொன்னதும் துரைக்குத் தெரியவேண்டுமென்று, முன்கூட்டியே எழும்பி நின்றாள். நேற்று அவ்வளவு செய்த பிறகும்.

ஒரு பெயர். அதைச் சொல்லியிருந்தால் போதும். என் முன் வாங்கு எங்கும் போயிராது, ஐயாவின் பெருமையில் ஒரு துளியும் குறைந்திராது. நேற்றாவது பயத்தில் செய்தேன். இன்றைக்கு என்ன பயம்? ஒன்றுமில்லை. அந்தத் துரை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். கேட்கவே அசிங்கமாக இருக்கிறதல்லவா?

"யாருமில்லை, சேர். நானே கண்டுபிடித்தேன்," என்றேன்.

துரை மதரின் பக்கம் திரும்பி என்னைப் பற்றி என்னென்னவோ சொன்னார். மதர் சாவிக்கொத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் வாங்கு மறுபடி உரசியது. இருந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையே அவள் போனாள். இலவசமாகப் படிப்பவர்களின் புத்தகம் பள்ளிக்கூடத்துச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். மிஸ்ஸின் மேசையில் இலக்கணப் புத்தகத்தை வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு, "குட் ஆஃப்டர்நூன், மிஸ்," என்றாள். எங்கள் எல்லோரையும் விட நல்ல உச்சரிப்பு. என்னைத் தாண்டிப் போனபோது நான் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கட்டியிருந்த நாடா.

மற்றவர்கள் போன பிறகு மிஸ் என்னை நிற்கச் சொன்னார். புத்தகத்தைத் திறந்தார். பக்க ஓரமெல்லாம் பென்சில் வீடுகள். ஒவ்வொரு கூரையின் கீழும் சொற்கள் வரிசையாக. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கோடு இழுத்து, அதன் மேல் ப்ரிங். இரண்டாம் வீட்டின் கீழே பொடி எழுத்தில் தமிழ்: காண், கண்டேன். மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வீடுகளைப் பார்க்க எந்தப் பாஷையும் தேவையில்லை.

பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. என்னை அறைந்திருக்கலாம். மதரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கேட்டிருந்தாலாவது அழுது தொலைத்திருப்பேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து என் கையில் வைத்தார்.

"அடுத்து வரும் பிள்ளைக்குப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும். அழித்துவிட்டுப் போ," என்றார்.

அழித்தேன். நாலு பக்கமும். அவள் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள், அதனால் சத்தம் வரத் தேய்த்து அழிக்க வேண்டியிருந்தது. ரப்பர் தூளை வாயால் ஊதி விட்டேன். அழித்து முடியும் வரை மிஸ் யன்னலடியில் நின்றார். அதற்குப்பிறகு அந்த வருஷம் முழுக்க அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பரிசளிப்பு விழாவில் எனக்கு ஆங்கிலத்துக்கு முதற் பரிசு. ஐயா முன்வரிசையில் சால்வையோடு இருந்து கைதட்டினார்.

அடுத்த வருஷங்களில் நாங்கள் வெள்ளவத்தைக்கு வீடு மாறினோம். நான் படித்து முடித்து, ஆங்கில ஆசிரியையாகவே ஆனேன். வகுப்பில் முதல் வருஷமே கரும்பலகையில் வீடு கீறினேன். பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. யாருடைய வீடு என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் அவளிடம் பேசிக்கொண்டேயிருந்தேன். கண்டால் இப்படிச் சொல்லவேண்டும், அப்படிச் சொல்லவேண்டும் என்று வசனம் வசனமாகக் கட்டி வைத்திருந்தேன். காலில் விழக்கூடத் தயார் என்று எனக்கே நான் படம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் பேசிய காலத்தில் அவளைக் கண்டேன். அம்மாவுக்குச் சுகமில்லாதபோது ஒரு நேர்த்தி வைத்திருந்தார். சைவமென்றாலும் கொழும்பில் நேர்த்தி வைக்க எங்களுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்தான். செவ்வாய்க்கிழமை, சனமோ சனம். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நீதானே?" என்று ஒரு குரல்.

அவளேதான். இன்னும் மெலிந்திருந்தாள். தேயிலை ஸ்டோரில் பொதி கட்டுகிற வேலையாம், விரல் நுனியெல்லாம் பழுப்பு. கையைப் பிடித்தபடி ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை, வெள்ளைச் சட்டை போட்டு.

"டீச்சராமே? கேள்விப்பட்டன். நல்லம்," என்றாள். "இவளும் இப்ப இங்கிலிஷ் ஸ்கூல்தான். இப்பதான் சல்லி கட்டாமப் படிக்கலாமே."

கட்டி வைத்த வசனங்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. பிள்ளையைப் பார்த்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டேன், ஏதோ கேட்கவேண்டுமே என்று. அது வெட்கமில்லாமல் பதில் சொன்னது: "கீப், கெப்ட். ஸ்லீப், ஸ்லெப்ட். அம்மா எனக்கு வீடு வீடாச் சொல்லித் தந்தவ. அம்மாதான் கண்டுபிடிச்சா."

"நான் இல்ல மகள்," என்றாள் அவள். "இதக் கண்டுபிடிச்சது இந்த டீச்சர். பெரிய தொரைட முன்னால எழும்பி நிண்டு சொன்னவ."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவசரப்படவில்லை. பின்னால் சனம் இடித்துக்கொண்டு போனது, அவள் நகரவில்லை.

பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தது. "உண்மையா டீச்சர்?"

"ஓம், நான்தான்," என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "சரி, நாங்க வாறம்," என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். திரும்பவில்லை. பிள்ளைதான் போகப் போகத் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது, பெரிய ஆள் ஒருத்தியைக் கண்ட சந்தோஷத்தோடு.